கபிலன் சார் எழுதிய கடிதங்கள்

உள்ளே மெத்தை உண்டா என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. தேக்கா மார்க்கெட் மாடியில் என் கணவர் மருதப்பனின் தையல் கடைக்கு ரவிக்கை அளவு கொடுக்க வருகிற பெண்கள்கூட, அளவு நாடாவைத் தோளில் வைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "உங்க சாருக்கு உள்ள மெத்தை குடுப்பாங்களாக்கா?" அடுத்த கேள்வி, தலைக்கு மேல் காற்றாடி சுழலுமா என்பது. அதற்கடுத்தது, அவருக்கென்று தனியாகச் சமைப்பார்களா என்பது. கபிலன் சாரிடம் இருபத்தாறு வருடம் செக்ரெட்டரியாக இருந்தவள் நான். ஆகவே சாங்கிச் சிறையின் படுக்கை விவரமும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுவார்கள்.

தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களைவிட எனக்குத்தான் ஆவல் அதிகம். லிஃப்ட் பொத்தானைத் தன் விரலால் அழுத்தி நான் பார்த்திராத மனிதர் அவர். சட்டைப்பையில் பர்ஸ் இருக்காது, டிரைவர் வைத்திருப்பார். பேனா மூடியை நான் திறந்து நீட்ட வேண்டும். அப்படிப்பட்டவர் காலையில் எழுந்ததும் என்ன செய்வார், முதலில் யாரைக் கூப்பிடுவார் என்று கொக்கி தைக்கும்போதெல்லாம் யோசித்துப் பார்ப்பேன்.

கப்பல்களுக்கு மளிகையும் தளவாடமும் சப்ளை செய்த கம்பெனி அவருடையது. ஆர்டர் கிடைப்பதற்காக ஒரு கொள்முதல் அதிகாரிக்கு வருடக்கணக்கில் கையூட்டு கொடுத்தது வெளியே வந்தது. விசாரணையில் என்னை ஒன்பது முறை கூப்பிட்டார்கள். "சார் சொன்னார், நான் டைப் பண்ணேன்" என்று ஒன்பது முறையும் சொன்னேன். என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவரை உள்ளே அனுப்பினார்கள். கம்பெனியை மூடினார்கள். ஐம்பத்தேழு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? கணவர் வெட்டித் தைத்ததற்குக் கொக்கி வைக்கிறேன், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கபிலன் சாரின் தமிழ் இந்த ஊரில் பிரபலம். கோயில் விழா, சங்க ஆண்டுவிழா, இரங்கல் கூட்டம் எதுவானாலும் அவர் எழுதி வாசிக்கும் உரைக்காகவே கூட்டம் வரும். அந்தத் தமிழ் என்னுடையது. அவர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்; தமிழில் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. மேடை உரை மட்டுமில்லை, மனைவிக்கு அவர் கொடுத்த கல்யாணநாள் கடிதங்களையும் நான்தான் எழுதினேன். நான் எழுதிக் கொடுத்ததை அவர் தன் கையால் பார்த்து எழுதிக்கொள்வார். பார்த்து எழுதுவதில் கெட்டிக்காரர். அந்த அம்மாவுக்கு இது தெரியாது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மழை கொட்டிய ஒரு மத்தியானம், அந்த அம்மா எங்கள் கடைக்கு வந்தார். உமாமகேஸ்வரி. ஈப்போவில் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். முன்பெல்லாம் துணியை டிரைவர்தான் கொண்டுவருவார். அன்று பேருந்தில் வந்திருந்தார். சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. மருதப்பன் அவசரமாக எழுந்து நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி மிஷின் மேல் போட்டார்.

"உக்காருங்க மேடம். சூடா ஏதாவது வாங்கியாரவா?"

"தே-ஓ கோசோங் இருந்தாப் போதும்லா. சீனி வேணாம்."

மருதப்பன் கீழே போனதும் உமா மேடம் பையிலிருந்து நாலு ரவிக்கையை எடுத்தார். "எல்லாத்தையும் பிடிச்சுத் தரணும் லீலா. உடம்பு இளைச்சுப்போச்சு." கை ரவிக்கையில் இருந்தது, கண் அதில் இல்லை. பிறகு பையின் அடியிலிருந்து இரண்டு கடித உறைகளை எடுத்து என் மடியில் வைத்தார்.

"அவருக்கு ஏதோ ஆயிடுச்சு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"எப்ப வந்துச்சு மேடம்?"

"ஒண்ணு போன மாசம். இன்னொண்ணு நேத்து. நான் ஜூன் மாசத்துலேருந்து விசிட் போறதில்ல, உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். மேடத்தைக் கேட்காமலே அவர் பெயரைக் கம்பெனி இயக்குநர் என்று காகிதத்தில் போட்டிருந்தார் கபிலன் சார். அதற்காக உமா மேடத்தையும் இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"கடைசி விசிட்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு எனக்கு வேலை சொல்றாரு. வக்கீலக் கூப்பிடு, அவனப் பாரு, இவனப் பாருன்னு. நான் சொல்லிட்டேன். வாயால பேசினா நமக்குச் சண்டைதான் வருது. நீங்க எழுதுங்க. எழுத்துல நீங்க வேற மனுஷன், அந்த மனுஷன் வரட்டும், அப்புறம் நான் வர்றேன்னு. மூணு மாசம் கழிச்சு இது வருது."

பிரித்துப் படித்தேன். பிழைகளைத் திருத்தித்தான் இங்கே தருகிறேன்; பழக்கம் விடவில்லை.

"உமா. எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். காலையில் ரொட்டி, தேநீர். மதியம் சோறு, காய், ஒரு துண்டு மீன். சாயங்காலச் சாப்பாடு ஐந்து மணிக்கே வருகிறது. இருட்டும்போது பசிக்கிறது. இப்போது பழகிவிட்டது. கீழே பாயில்தான் எல்லாரும். ஒலி முகம்மது என்று ஒருவர், லாரி ஓட்டியவர். அவர் இங்கே எனக்கு மூத்தவர். எப்போது பேசலாம், எப்போது வாயை மூட வேண்டும் என்று அவர்தான் சொல்லித் தருகிறார். கைக்கடிகாரம் இல்லை. முதல் மாதம் வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்கிறவருடைய பின்தலையை நான் இதற்கு முன்னால் இப்படிப் பார்த்ததில்லை. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கபிலன்."

இரண்டாவது இன்னும் சின்னது.

"உமா. சலவைக்கூடத்தில் வேலை போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகள். நாள் முழுக்க மடிக்கிறேன். நாலு மூலையும் சேர வேண்டும். என்னுடையது கோணலாக வந்தது. திரும்பத் திரும்பப் பிரிக்கச் சொன்னார்கள். நேற்று என் மடிப்பு சரி என்று சொன்னார்கள். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்கிறேன். கபிலன்."

படித்து முடித்தபோது என் மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன்: என்ன மோசமான நடை என்றுதான் பட்டது. அன்பான விளிப்பு இல்லை, நலம் விசாரிப்பு இல்லை, சோற்றிலிருந்து லாரிக்காரருக்கு ஒரே தாவல்.

"கையெழுத்து சாரோடதுதான் மேடம்."

"கையெழுத்து சரி. எழுத்து அவரோடது இல்லையே. எப்படி எழுதுற மனுஷன்லா அவர். சங்கீதாகிட்ட போன்ல படிச்சுக் காமிச்சேன். ஸ்ட்ரோக் வந்தவங்க இப்படித்தான் எழுதுவாங்க, டாக்டரப் பாக்கச் சொல்லுங்க மம்மிங்கறா." சங்கீதா மெல்பர்னில் இருக்கும் மகள். "அவ அதோட நிறுத்தல. வீட்டுக்கெல்லாம் கூட்டிக்காதீங்க, இங்க வந்துடுங்கங்கறா."

"வீட்டுக்கா?"

அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார். கடைசி ஐந்து மாதத் தண்டனையை வீட்டிலிருந்தே கழிக்க அவர் பெயர் பரிசீலனையில் இருக்கிறதாம். இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பட்டையைக் கணுக்காலில் கட்டி அனுப்புவார்கள். குறித்த நேரத்துக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஒருவர் சம்மதித்துப் பொறுப்பேற்க வேண்டும். தீபாவளி முடிந்த அடுத்த வாரம் அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார், உமா மேடத்திடம் நேரில் கேட்பார்.

"நான் சரின்னாத்தான் விடுவாங்க. வேணாம்னா அஞ்சு மாசமும் அங்கேயேதான். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல லீலா. பழைய மாதிரி ஒரே ஒரு லெட்டர் வந்துட்டா நான் கண்ண மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லிடுவேன்."

மருதப்பன் பால் சேர்க்காத தேநீரோடு வந்தார். உமா மேடம் கடிதங்களை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். நான் ரவிக்கைகளில் ஊசி குத்தி அளவு பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் பிடிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பாசிர் ரிஸில் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியைத் திறந்தால் கபிலன் சாரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் கிடந்தது. யாருக்கு எழுதலாம் என்று கைதிகளுக்கு ஒரு பட்டியல் உண்டாம். அதில் என்னைக் 'குடும்ப நண்பர்' என்று போட்டிருக்கிறார். இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு.

"லீலா. உமாவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். இங்கேயும் ஒரு பையன் அவன் அம்மாவுக்கு எழுதித் தரக் கேட்டான். பெரிய ஆள், நன்றாக எழுதுவேன் என்று நினைத்துவிட்டான். எழுதிக் கொடுத்தேன். அம்மா பயந்துவிட்டாராம். இப்போது அவன் என்னிடம் கேட்பதில்லை. உமாவுக்கு ஒன்று எழுதி அனுப்பு. பார்த்து எழுதி அனுப்பிவிடுகிறேன். சீக்கிரம். பழையபடி இருக்கட்டும். கபிலன்."

மறுநாள் ஞாயிறு. கடையில் தீபாவளி வேலை குவிந்திருந்ததால் ஒரு மூட்டை ரவிக்கையை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தோம். கீரையும் இக்கான் பிலிஸ் நெத்திலிச் சம்பலும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மருதப்பன் கைமடிப்பு அடிக்க உட்கார்ந்தார். நான் ரவிக்கையைத் தள்ளிவைத்துவிட்டுக் காகிதம் எடுத்தேன்.

"எழுதப் போறியா?" என்றார்.

"பாவம்ங்க. கோர்ட்ல நின்னு அவருக்கு எதிரா சொன்னவ நான்தானே. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா வீட்டுக்கு வந்துருவாரு."

"உள்ளதத்தானே சொன்ன."

"உள்ளதுதான். இருந்தாலும் மனசு கேக்கலயே."

"சரி எழுது. நான் ஒண்ணும் சொல்லல."

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்றரை வருடம் கொக்கி தைத்த விரல் என்று சொல்ல முடியாது, அப்படி ஓடியது. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எப்போதும் முதலில் அவரிடம்தான் வாசிப்பேன்.

"'அன்பிற்கினிய உமா, இந்தச் சுவர்கள் என்னை உலகத்திடமிருந்துதான் பிரித்தன. உன் மௌனமோ என்னை என்னிடமிருந்தே பிரிக்கிறது...'"

மிஷினை நிறுத்தி முழுவதையும் கேட்டார். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நீ எழுதி எது நல்லா இல்ல?"

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

"சிறையில இருக்குற ஆள் எழுதின மாதிரி இல்லியே. ரொட்டி திங்கிறேன், துணி மடிக்கிறேன்னு அவர் எழுதினாருன்னு சொன்னியே, அதெல்லாம் இதுல எங்க?"

"அத எழுதித்தான் மேடம் பயந்து போயிருக்காங்க."

"சரி. இத அனுப்புற. அவர் பாத்து எழுதி அனுப்புறாரு. அந்தம்மா படிச்சிட்டுக் கதவத் திறந்து விடுது. உள்ள வர்றது யாரு?"

"கபிலன் சார்தான், வேற யாரு?"

"அந்தம்மா உன்ன நம்பியில்ல திறக்குது. வர்றவரு ரெண்டாம் நாளே, உமா அவனக் கூப்பிடு, இவனக் கூப்பிடுன்னு சொல்லுவாரு. காலுல பட்டைய வேற கட்டிக்கிட்டு எங்கயும் போக முடியாம. அஞ்சு மாசம் அந்தம்மா பாடு என்னத்துக்கு ஆகும்?"

"நான் எழுதலைன்னா அவர் அங்கயே கெடப்பாருங்க."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். இவரிடம் இதுதான் தொல்லை. நெஞ்சில் ஒரு முள்ளைத் தைத்துவிட்டுக் கைமடிப்புக்குத் திரும்பிவிடுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. கடிதத்தை மடித்து சாருடைய கடிதத்தோடு சேர்த்துக் கைப்பையில் போட்டேன். அஞ்சல் தலை ஒட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை பிடித்துத் தைத்த ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு காத்தோங்குக்குப் போனேன். சிலோன் ரோட்டுக் கோயிலைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் மேடத்தின் வீடு. முன்பு மணி அடித்தால் பணிப்பெண் ஓடி வருவாள். இப்போது உமா மேடமே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து கேட்டைத் திறந்தார். கூடத்தில் பியானோ இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சமையலறை மேசையில் ஒரு கூடை தவுகே முளைப்பயறு கொட்டிக் கிடந்தது. ஈப்போக்காரர்களுக்கு வால் கிள்ளாமல் தவுகே சமைத்தால் தொண்டையில் இறங்காது. நானும் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன். வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

"அவர டாக்டர் பாக்கணும்னு ஜெயிலுக்குப் போன் பண்ணிக் கேட்டேன் லீலா. பாத்துட்டாங்களாம். பிரஷர், சுகர் எல்லாம் முன்ன விட நல்லா இருக்காம். மனசும் தெளிவா இருக்காருன்னாங்க. அப்படின்னா ஏன் இப்படி எழுதறாரு?"

நான் கிள்ளிக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்து போய் ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்தார். வாத்தியாரம்மா இல்லையா, கடிதங்களை வருட வாரியாகப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு அடுக்கி வைத்திருந்தார். பிரித்தது ஒரு கடிதத்தை; ஆனால் அதைப் பார்க்காமலே சொன்னார்.

"'வீட்டில் எல்லாக் கடிகாரங்களும் ஓடுகின்றன. நீ போன பிறகு நேரம் மட்டும் நகரவில்லை.' சங்கீதாவுக்கு அப்ப ரெண்டு வயசு. நான் கோவிச்சுக்கிட்டு ஈப்போவுக்குப் போயிட்டேன். மூணு மாசம். எங்கப்பா இனிமே அனுப்ப மாட்டேன்னுட்டாரு. இது வந்துச்சு. அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்."

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியான இடைவேளையில் மீ கோரெங் பொட்டலத்தைப் பாதி தின்றிருந்தேன். சார் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, 'சீக்கிரம் லீலா, அவ திரும்பி வர்ற மாதிரி ஏதாவது எழுது' என்றார். இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடத்தை ஒருவர் இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பெருமையாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

"இத எழுதின ஆள் இன்னும் உள்ள இருக்காரான்னு தெரிஞ்சா போதும் லீலா. அவருக்குன்னா நான் கதவத் திறப்பேன். என் பேர என்னைக் கேக்காம எழுதிப் போட்ட ஆளுக்குத் திறக்க மாட்டேன்."

கைப்பையில் என் கடிதம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நாளைக்கு அஞ்சலில் போட்டால் போதும். மூன்று வாரத்தில் அவர் கையெழுத்தில் திரும்பி வந்துவிடும். இந்த அம்மா கதவைத் திறந்து, அங்கே இல்லாத ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பார்.

"அத எழுதினது நான் மேடம்."

"எத?"

"ஈப்போவுக்கு வந்தத."

உமா மேடம் ஒரு தவுகேயின் வாலைக் கிள்ளினார். இன்னொன்றைக் கிள்ளினார்.

"எங்கம்மா இறந்தப்ப எழுதினது?"

"அதுவும்."

"இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு?"

"எல்லாமே மேடம். சார் சொன்னார், நான் எழுதினேன்."

"என்ன சொன்னார்? இந்த மாதிரி எழுதுன்னு சொல்வாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஏதாவது நல்லதா எழுதுன்னு சொல்வார்," என்றேன்.

கூடையில் பாதி தவுகே மிச்சமிருந்தது. அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கையைக் கழுவினார். என்னைத் திரும்பிப் பார்த்தபோது 'நீங்க' போய்விட்டிருந்தது.

"அப்ப இத்தன வருஷமா நான் உன்கூடத்தான் குடும்பம் நடத்தியிருக்கேன்."

"மன்னிச்சிருங்க மேடம்."

"ஆபீசுக்கு வந்தா எந்திரிச்சு நிப்ப. மைலோ போட்டுத் தருவ. உன் முன்னாடியே அந்த லெட்டரப் பத்தி எத்தன தடவ பெருமை அடிச்சிருக்கேன். சிரிச்சியா உள்ளுக்குள்ள?"

"இல்ல மேடம். சந்தோஷப்பட்டேன். சத்தியமா."

உமா மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு கடிதங்களையும் எடுத்து மேசைமேல் விரித்தார். வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சத்தமாக வாசித்தார். ரொட்டி, தேநீர். லாரி ஓட்டியவர். முன்னால் நிற்கிறவருடைய பின்தலை. 'நேற்று என் மடிப்பு சரி என்று சொன்னார்கள். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.' அந்த இடத்தில் நிறுத்தி மறுபடியும் வாசித்தார். மூன்றாம் முறையும் வாசித்தார்.

கடையில் நான் படித்தபோது கேட்காதது அப்போது காதில் விழுந்தது. 'உன்னிடம் சொல்கிறேன்.' அந்த மாதிரி ஒரு வரியை இருபத்தாறு வருடத்தில் நான் எழுதியதில்லை. எழுதியிருக்கவும் முடியாது; எனக்கு அந்த அம்மாவிடம் சொல்வதற்கு எதுவும் இருந்ததில்லையே. எனக்கு வயிறு எரிந்தது.

"உனக்கும் எழுதியிருக்காரா?"

தலையாட்டினேன். அவர் கையை நீட்டினார். சாரின் கடிதத்தையும் நான் எழுதியதையும் எடுத்துக் கொடுத்தேன். என்னுடையதை முதலில் படித்தார்.

"அழகா இருக்கு லீலா."

"கிழிச்சிருங்க மேடம்."

"ஏன், நல்லாத்தானே எழுதியிருக்க." அதை மடித்து வைத்துவிட்டு அடுத்ததைப் படித்தார். 'பழையபடி இருக்கட்டும்' என்ற வரியில் விரல் நின்றது. அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். கணக்கு விடை வந்துவிட்ட பிள்ளையின் முகம்போல இருந்தது.

"மூணு மாசம் உக்காந்து மண்டைய உடைச்சு ரெண்டு லெட்டர் எழுதியிருக்காரு. ஆள் வெளிய வந்தா மூணாவது எழுத மாட்டாரு. உன்னக் கூப்பிடுவாரு."

"நான் போக மாட்டேன் மேடம்."

"நீ போகலைன்னா வேற ஒரு லீலா. அவருக்கா ஆள் கிடைக்காது? உள்ளதான் யாரும் இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் வேணாம்னு சொல்லப் போறேன்."

"மேடம், அஞ்சு மாசம். அறுபத்திரண்டு வயசு. என்மேல கோபம்னா என்னத் திட்டுங்க."

"உன்மேல கோபம் இருக்கு. அது வேற. இந்த ஆள எனக்குத் தெரியாது லீலா. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு, இப்பத்தான் ரெண்டு பக்கம் பேசியிருக்காரு. சின்ன வயசுல எப்படி இருந்தாரு, எதுக்குப் பயப்படுவாரு, ஒண்ணும் தெரியாது. இன்னும் கொஞ்சம் பேசட்டும்லா. வெளிய வந்தா பேச்சு நின்னுடும்."

"கஷ்டப்படுவாரே."

"படுவாரு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். நான் விசிட் போறேன். பதில் எழுதறேன். நானும் இதுவரைக்கும் அவருக்கு ஒரு வரி எழுதினதில்ல, தெரியுமா. உன் லெட்டருக்கு ஈடா எழுத முடியாதுன்னு கூச்சம்."

போகும்போது ரவிக்கைக்குக் காசு எடுத்தார். நான் வாங்க மறுத்தேன். கட்டாயப்படுத்திக் கையில் வைத்துவிட்டு, பாதித் தவுகேயைப் பையில் கட்டிக் கொடுத்தார். மழையில் பேருந்து நிறுத்தம் வரை என்னோடு வரவில்லை.

சாருக்கு நான் பதில் எழுதினேன். எழுதிக் கிழித்தது ஆறு தாள் இருக்கும். கடைசியில் அனுப்பியது இரண்டு வரி: 'சார், நான் எழுதியதையெல்லாம் மேடத்திடம் சொல்லிவிட்டேன். இனி நீங்களே எழுதுங்கள்.' மருதப்பனிடம் அதை வாசித்துக் காட்டவில்லை.

தீபாவளி முடிந்து அதிகாரி வந்தபோது உமா மேடம் சொன்னபடியே சொல்லிவிட்டார். சங்கீதா சந்தோஷப்பட்டாளாம், காரணம் தெரியாமல். நான் எத்தனையோ நாள் தூங்காமல் புரண்டேன். சார் என்ன நினைப்பார், திட்டி எழுதுவாரா, இனி எழுதவே மாட்டாரா என்று ஓயாமல் மருதப்பனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர், "எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் உமா மேடம் கடைக்கு வந்தார். ஒரு சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க வேண்டும். சாங்கிக்குப் போய்விட்டு நேராக வருகிறேன் என்றார். சேலையை எடுக்கும்போது திறந்த கைப்பைக்குள் பார்த்தேன்: ஒரு கடித உறை, தடிமனாக இருந்தது. ஏழெட்டுப் பக்கமாவது இருக்கும்.

"சார் எழுதியிருக்காரா மேடம்?"

"ம்."

"வேணாம்னு சொன்னதுக்குக் கோபமா எழுதியிருக்காரா?"

உமா மேடம் என்னைப் பார்த்தார். பதில் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த ஊசியைக்கூடக் கீழே வைத்துவிட்டேன்.

"அது எனக்கு எழுதினதுலா," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை மூடினார்.